நாற்காலியை அளக்கும் முன் குழந்தையை அளப்போம்

(செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில், தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கற்றல் விளைவுகள், வாசிப்புத் திறன், மதிப்பீடு என்று பலவற்றைப் பேசிவிட்டோம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில், இதுபோன்ற கூட்டங்களில் நாம் பேசாத ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பொருள் இந்த நிமிடம் உங்கள் எல்லோரையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாற்காலிதான் அது.

நாற்காலி என்ற சொல்லையே முதலில் பாருங்கள். நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. இந்தப் பெயர் கால்களை எண்ணுகிறது. அதில் உட்காருகிறவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இருக்கை என்று இன்னொரு சொல் நம்மிடம் உண்டு. அது இருப்பவரிலிருந்து பிறந்த சொல். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நெடுங்காலம் நாற்காலி என்பது தகுதியின் அடையாளம். அரசனுக்கு அரியணை, அதிகாரிக்குக் கை வைத்த நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையை நம்மில் பலர் படித்திருப்போம். நாற்காலியே இல்லாத ஒரு கிராமத்தில் ஒரு வீட்டார் நாற்காலி செய்கிறார்கள். ஊரில் யாராவது இறந்தால், உடலை உட்கார்த்திவைக்க அந்த நாற்காலியைக் கேட்டு ஆள் வருகிறது. சிரித்துக்கொண்டே படிக்கிறோம். ஆனால் அந்த ஊருக்கு நாற்காலி என்றால் உடலுக்கு இதம் தரும் பொருள் இல்லை, மரியாதை தரும் பொருள் என்பதும் அந்தக் கதையிலேயே தெரிந்துவிடுகிறது.

நம் பள்ளிகளிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது. தலைமையாசிரியர் அறையில் ஒரு நாற்காலி, ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்குப் பெஞ்ச். யாருக்கு எது என்பதை முடிவுசெய்வது பதவி. உடலின் அளவு அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

உடலிலிருந்து தொடங்கிய நாற்காலிகள்

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் சிலர் இந்தக் கணக்கை மாற்றிப் போட்டார்கள். ஜெர்மனியின் வைமர் நகரில் 1919ஆம் ஆண்டு பௌஹாஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கப்பட்டது. தச்சு, நெசவு, உலோக வேலை, ஓவியம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்த பள்ளி அது. அங்கே மார்செல் பிராயர் என்ற ஹங்கேரிய மாணவர் தச்சுப் பட்டறையில் படித்துக்கொண்டிருந்தார். 1922இல் அவருக்கு வயது 20. அந்த வயதில் அவர் ஒரு மர நாற்காலி செய்தார்.

வெட்டிய மரச் சட்டங்களால் ஆன எளிய கூடு அது. அலங்காரம் கிடையாது, மெத்தை கிடையாது. உட்காரும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும் துணிப்பட்டைகளை இழுத்துக் கட்டியிருந்தார். மனிதன் உட்கார்ந்தால் உடலின் எந்தப் பகுதிக்குத் தாங்கல் வேண்டும், எந்தப் பகுதி அழுந்தக்கூடாது என்று யோசித்து, அந்த இடங்களில் மட்டும் பட்டைகளை வைத்தார். முதுகெலும்பு கட்டையில் அழுந்தாமல், முதுகு துணியில் சாய்கிறது. நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்களுக்கு அந்த இதம் தெரியும். இதை ஒரு மாணவர் செய்தார் என்பதைக் கவனியுங்கள். உட்காருகிறவரின் உடலே அவருடைய பாடநூல்.

அடுத்தது பின்லாந்து நாட்டுக் கதை. சென்னையில் மின்சார ரயிலில் போகும்போது ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையம் வருமே, அந்தப் பெயர் எப்படி வந்தது? 1928இல் அங்கே டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு ஆகியவைதான் அன்றைய சிகிச்சை. அதே ஆண்டுகளில் பின்லாந்தின் பைமியோ என்ற ஊரில் ஒரு காசநோய் மருத்துவமனை கட்டும் வேலை ஆல்வார் ஆல்டோ என்ற இளம் கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது. 1933இல் அது திறக்கப்பட்டது.

ஆல்டோ வேலையை நோயாளியிலிருந்து தொடங்கினார். நோயாளி நாள் முழுக்க மல்லாந்து படுத்திருப்பார், அவர் பார்ப்பது கூரையைத்தான். ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத கரும்பச்சை நிறம். ஓர் அறையில் இருவர் இருப்பார்கள், ஒருவர் கை கழுவும் சத்தத்தில் இன்னொருவர் விழித்துவிடக்கூடாது. ஆகவே தண்ணீர் விழுந்தால் சத்தம் எழாத சாய்வில் கைகழுவும் தொட்டி. பிறகு, அவர்கள் உட்கார ஒரு நாற்காலி.

அந்தக் காலத்தில் வளைத்த எஃகுக் குழாய் நாற்காலிகள்தான் புதுமை. எஃகு குளிரில் சில்லென்று உடலைத் தொடும், அது நோயாளிக்கு ஆகாது என்று ஆல்டோ மரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிர்ச் மரத்தின் மெல்லிய ஏடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சில் அழுத்தி வளைத்து, ஒரே அலைபோல இருக்கும் இருக்கையைச் செய்தார். ஓட்டோ கொர்ஹோனன் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் அவருக்குத் துணையாக இருந்தார். முதுகுச் சாய்வின் கோணம், நோயாளி எளிதாக மூச்சுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தலை சாயும் இடத்தில் காற்றுப் போக நீளமான துளைகள். மெத்தை இல்லாததால் துடைத்துச் சுத்தம் செய்வதும் எளிது. இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் அந்த நாற்காலி இருக்கிறது. அழகுக்காகப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் இருமிக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

மரம் எப்படி வளைகிறது என்று உங்கள் வகுப்பில் கேட்பார்கள். மரத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. கனமான கட்டையை வளைத்தால் வெளிப்பக்க நார் இழுபட்டுப் பிளக்கும். மெல்லிய ஏடாகச் சீவினால் எளிதாக வளையும். பல ஏடுகளை வளைத்த நிலையிலேயே ஒட்டிவிட்டால், பசை காய்ந்ததும் அந்த வளைவு அப்படியே நிற்கும். பழைய நாள்காட்டித் தாள்கள் பத்தை மைதாப் பசை தடவி ஒரு சொம்பின் மேல் அடுக்கிக் காயவைத்தால், மறுநாள் குழந்தைகள் கையில் ஒரு கெட்டியான வளைவு இருக்கும். அறிவியல் வகுப்புக்கு இதைவிட எளிய செயல்பாடு தேட வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஜெரால்டு சம்மர்ஸ் என்பவர் 1934 வாக்கில் ஒரே ஒரு ஒட்டுப்பலகையை அங்கங்கே அறுத்து, வளைத்து, முழு நாற்காலியாக்கினார். ஆணி, திருகாணி, மூட்டு, மெத்தை எதுவுமே கிடையாது. வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுகளில் பயன்படட்டும் என்று செய்தது அது. அத்தகைய இடங்களில் மெத்தையில் பூச்சி சேரும், மூட்டுகள் விட்டுப்போகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே

ஐரோப்பாவை விட்டு நம் பக்கம் வருவோம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடான கருங்கல் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் செஞ்சியிலிருந்து போன தூண்கள் அவை. அங்கிருந்து கொஞ்சதூரம் நடந்தால், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா என்ற விடுதிக் கட்டடம் வரும். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நவீன கட்டடங்களுள் ஒன்று அது. செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான்.

ஹைதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நன்கொடையில் கட்டியதால் அதற்குக் கோல்கொண்டா என்று பெயர். செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். உடன் இருந்தவர்கள் செக் நாட்டவரான பிரான்டிசெக் சாமர், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியரான ஜார்ஜ் நகாஷிமா. 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. உலகப் போர் நடுவில் வந்ததால் முடியப் பல ஆண்டுகள் ஆயின.

நம் வெயிலில் ஒரு மனித உடல் எப்படி இருக்கும் என்பதிலிருந்து அந்தக் கட்டடம் தொடங்குகிறது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாக, திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், உள்ளே இருப்பவரை மறைக்கும். கூரையின் மேல் வளைந்த சிமெண்ட் ஓடுகளை அடுக்கி, நடுவில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். அறைக் கதவுகள் காற்றுப் புகும் தேக்குச் சட்டங்களால் ஆனவை. கதவுகளுக்கான பித்தளைச் சாமான்களை, ஆசிரமத்துப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். அறைகளுக்கு வேண்டிய மரச்சாமான்களும் தேக்கிலேயே, அந்தக் கட்டடத்துக்கென்றே வடிவமைத்துச் செய்யப்பட்டன. அதில் நகாஷிமாவின் கை இருந்தது.

நகாஷிமாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1905இல் பிறந்தவர், அமெரிக்காவில் கட்டடக் கலை படித்தவர். 1937இல் வேலையை மேற்பார்க்கப் புதுச்சேரி வந்தார். வந்தவர் ஆசிரம வாழ்க்கையில் ஈடுபட்டு, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒருவராக இருந்தார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். 1939இல் புறப்பட்டுப் போனார்.

1942இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் முகாமில் அடைத்தது. அந்த முகாமில் ஜப்பானிய முறைத் தச்சுவேலை தெரிந்த ஒருவர் இருந்தார். கட்டடக் கலையில் பட்டம் பெற்ற நகாஷிமா அவரிடம் மாணவராக உட்கார்ந்து, கிடைத்த மிச்ச மரத்துண்டுகளை வைத்து உளி பிடிக்கக் கற்றார். ரேமண்ட் பொறுப்பேற்றதால் 1943இல் வெளியே வந்தார். பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, 20ஆம் நூற்றாண்டின் பெரிய மரவேலைக் கலைஞர்களுள் ஒருவர் ஆனார். 1964இல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து அங்கும் மரச்சாமான்கள் வடிவமைத்தார்.

மரத்துக்கு வெட்டப்பட்ட பிறகும் ஒரு வாழ்வு உண்டு, அதைக் கொடுப்பது தச்சனின் கடமை என்பது அவருடைய நம்பிக்கை. பட்டம் பெற்றவர் தொழிலாளியிடம் கற்றுக்கொண்டார் என்பது நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. நம் ஊர் ஆசாரியிடமும் கணிதம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது. ஒரு நாள் அவரை வகுப்புக்கு அழைத்து, மூட்டு எப்படிப் போடுகிறார் என்று காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிக்குள் வந்த நாற்காலி

இப்போது வகுப்பறைக்கு வருவோம். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1899இல் ஆற்றிய உரைகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். தன் பள்ளிக்கு ஏற்ற மேசை நாற்காலி தேடிக் கடை கடையாகப் போகிறார். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு சொல்கிறார்: நீங்கள் கேட்பது குழந்தைகள் வேலை செய்வதற்கான சாமான், இங்கே இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை. ஒரு வியாபாரிக்கு அது தெரிந்திருக்கிறது. வகுப்பறைச் சாமானைப் பார்த்தாலே அங்கே நடக்கும் கற்பித்தல் முறை தெரிந்துவிடும்.

1907 ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் மருத்துவர். தரையோடு பொருத்திய பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன நாற்காலிகளையும் மேசைகளையும் செய்வித்தார். இலேசான நாற்காலி என்றால் தட்டி விழும், சத்தம் வரும் என்றார்கள். வரட்டும், அந்தச் சத்தத்திலிருந்துதான் குழந்தை தன் அசைவைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் பதில். அதே மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். 1946 வரை இந்தியாவில் இருந்தார். குழந்தையின் அளவுக்கு நாற்காலி என்ற கருத்து நம் மண்ணிலேயே வாழ்ந்து, ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒன்று.

நம் மரபையும் மறக்க வேண்டாம். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு, முன்னால் சாய்வான சிறு மேசை வைத்து எழுதினார். தரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த உயரத்துக் குழந்தைக்கும் அது பொருந்தும், யாருக்கும் கால் தொங்காது. செயல்வழிக் கற்றல் வந்தபோது பாய் விரித்தோம், சுவரில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வைத்தோம், ஆசிரியரும் கீழே உட்கார்ந்தோம். அன்று மாறியது பாடமுறை மட்டுமா? ஆசிரியரின் கண்ணும் குழந்தையின் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தன. ஆனால் தரையில் உட்காரும் குழந்தை நோட்டைத் தரையில் வைத்துக் குனிந்து எழுதினால் கழுத்தும் முதுகும் நோகும். பாய் மட்டும் போதாது, எழுதச் சாய்பலகையும் வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு இருந்தது நம் குழந்தைக்கும் இருக்கட்டும்.

ஆடாதே, ஒழுங்காக உட்கார்

ஒரு நாளில் இந்த வாக்கியத்தை நாம் எத்தனை முறை சொல்கிறோம்! குழந்தை ஏன் ஆடுகிறது என்று பார்ப்போம்.

எளிய கணக்கு ஒன்று. வெறுங்காலோடு நிமிர்ந்து உட்கார்ந்து பாதம் தரையில் பதியும்போது, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரம், ஆளின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. உயரத்தில் கால் பங்கே கால் என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், மறக்கமாட்டார்கள். இருக்கையின் உயரம் அதைத் தாண்டக்கூடாது.

120 செ.மீ. உயரக் குழந்தைக்கு 30 செ.மீ. இருக்கை வேண்டும். 160 செ.மீ. உயர மாணவிக்கு 40 செ.மீ. வேண்டும். பெரியவர்கள் உட்காரும் நாற்காலி பொதுவாக 45 செ.மீ. வாக்கில் இருக்கும். அதில் 120 செ.மீ. குழந்தையை உட்காரவைத்தால் 15 செ.மீ. உயரத்துக்குக் கால் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் காலின் எடை முழுவதும் தொடையின் அடிப்பக்கத்தில் அழுந்தும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகும். குழந்தை முன்னால் நகர்ந்து விளிம்புக்கு வரும். அப்போது முதுகுக்குச் சாய்மானம் இல்லை. பிறகு ஒரு காலை மடித்து அதன் மேல் உட்காரும், சிறிது நேரம் கழித்து அடுத்த காலை. நாம் அதை ஒழுங்கின்மை என்கிறோம். உண்மையில் அந்த உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பத்தாம் வகுப்பில் நெடுநெடுவென வளர்ந்த பையன் தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். காலை நடைபாதையில் நீட்டுவான். மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்குவான். ஐரோப்பாவில் பள்ளி நாற்காலிகளுக்குப் பல அளவுகள் வகுத்து, அளவுக்கு ஒரு நிறக் குறி வைத்திருக்கிறார்கள். வகுப்பைப் பார்த்து நாற்காலி தருவதில்லை, குழந்தையின் உயரத்தைப் பார்த்துத் தருகிறார்கள். ஒரே வகுப்பில் இருவருக்கிடையே 20 செ.மீ. வித்தியாசம் இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோமே.

இடது கைப் பழக்கம் உள்ள குழந்தையை நினைத்துப் பாருங்கள். பெஞ்சின் வலது ஓரத்தில் உட்காரவைத்தால் அதன் முழங்கை பக்கத்துக் குழந்தையின் முழங்கையோடு நாள் முழுக்க மோதும். எழுதும் பலகை பொருத்திய ஒற்றை நாற்காலி என்றால் பலகை பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும். அந்தக் குழந்தை உடலைத் திருகிக்கொண்டு தேர்வு எழுத வேண்டும். கையெழுத்து சரியில்லை என்று மதிப்பெண் குறைப்பதற்கு முன் அதன் இருக்கையைப் பார்க்க வேண்டும்.

நம்மால் முடிந்தது

புது மேசை நாற்காலி வாங்க நிதி வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நிதி வரும்போது வரட்டும். செலவில்லாமலும் சிறு செலவிலும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, இருப்பதை மாற்றிப் போடுவது. பெரும்பாலான பள்ளிகளில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த, வெவ்வேறு உயரமுள்ள பெஞ்சுகள் இருக்கின்றன. எந்த அறைக்கு எது போனதோ அங்கேயே கிடக்கிறது. எல்லாவற்றையும் அளந்து, தாழ்ந்தவற்றைச் சிறிய வகுப்புக்கும் உயர்ந்தவற்றைப் பெரிய வகுப்புக்கும் மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டாவது, கால் தொங்கும் பெஞ்சுகளுக்குக் கால்பலகை. மேசையின் கீழ்க்குறுக்குச் சட்டத்தில் ஒரு பலகையை ஆசாரியை வைத்து உறுதியாகப் பொருத்தினால் பாதத்துக்குத் தாங்கல் கிடைத்துவிடும்.

மூன்றாவது, இடம். இடது கைக் குழந்தைக்குப் பெஞ்சின் இடது ஓரம். மதிப்பெண், பெயர் வரிசை, பழைய பழக்கம் இவற்றை விட்டுவிட்டு உடல், பார்வை, செவி ஆகியவற்றைப் பார்த்து இடம் கொடுக்கலாம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தை என்றால் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவரிடம் இருக்கை பற்றியும் ஒரு வார்த்தை கேட்போம்.

நான்காவது, அசைவு. ஆல்டோவின் நாற்காலி ஓய்வெடுக்கும் நோயாளிக்கு மிக நல்லது. எழுதும் குழந்தைக்கு அது உதவாது. ஒரு வேலைக்குப் பொருந்தும் இருக்கை இன்னொன்றுக்குப் பொருந்தாது. எவ்வளவு நல்ல நாற்காலியிலும் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் உடல் நோகும். பாடத்தின் நடுவில் ஒருமுறை எழுந்து நிற்கவும், பலகைக்கு வந்து எழுதவும், குழுவாக மாறி உட்காரவும் வாய்ப்புக் கொடுத்தால் பெஞ்சின் குறையில் பாதி தீரும்.

ஐந்தாவது, பழைய மரச்சாமான். சண்டிகர் நகரம் 1950களில் உருவானபோது பியர் ஜான்னரேயும் அவர் குழுவினரும் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் செய்தார்கள். பிறகு அவை பழசாகிவிட்டன என்று குவித்துப் போட்டார்கள். மலிவாக விற்றுப்போன அவை வெளிநாட்டு ஏலங்களில் இலட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயின. அவற்றைக் காக்க அரசு ஆணையிடும் நிலை வந்தது. நம் பள்ளிக் கிடங்கில் கிடக்கும் பெஞ்ச் ஏலத்துக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. அதில் நல்ல மரம் இருக்கலாம், காலைக் குறைத்தால் ஒன்றாம் வகுப்புக்கு ஆகலாம். கழிவு செய்யப் பட்டியல் எழுதும் முன், உரிய அனுமதியோடு ஓர் ஆசாரியிடம் காட்டிவிடலாம். கோடையில் ஜன்னலோரம் கிடக்கும் இரும்புப் பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரப்பெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். மரம் ஏன் வேண்டும் என்று கையே சொல்லும்.

ஆறாவது, கேட்பது. பள்ளி மேலாண்மைக் குழுவிலோ முன்னாள் மாணவர்களிடமோ நன்கொடையாளர்களிடமோ மேசை நாற்காலி கேட்கும்போது எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். எந்த உயரத்தில் எத்தனை என்று எழுதுங்கள். 30 செ.மீ. உயரத்தில் இத்தனை, 35இல் இத்தனை, 40இல் இத்தனை என்று கேட்டால், கொடுப்பவரும் அப்படியே செய்து கொடுப்பார்.

இந்த அளவுகளை யார் எடுப்பது? ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களே எடுக்கட்டும். கணிதத்தில் அளவைகளும் தரவுகளைக் கையாளுதலும் பாடமாக இருக்கின்றன. ஒருவர் நிற்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, நான்கு அளவுகள் போதும்: மொத்த உயரம், முழங்கால் மடிப்பு உயரம், உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம், இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளம். இரண்டாவது அளவு இருக்கையின் உயரத்தைச் சொல்லும். மூன்றாவது மேசையின் உயரத்தைச் சொல்லும். நான்காவதில் இரண்டு மூன்று விரற்கடை குறைத்தால் இருக்கையின் அகலம் கிடைத்துவிடும். அட்டவணை போட்டு, பட்டை வரைபடம் வரைந்து, சராசரி கண்டுபிடிக்கட்டும். சராசரிக்குச் செய்த பெஞ்ச் வகுப்பில் எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்றும் பார்க்கட்டும். ஒரு கவனம் மட்டும் தேவை: யாருடைய உயரமும் எடையும் கேலிப்பொருளாகக் கூடாது. பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளைகளே அளக்கட்டும், தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு வகுப்பின் அட்டவணையைக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு உயரம், மறுபக்கம் அவர்கள் உட்காரும் பெஞ்சின் உயரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். எந்தப் பள்ளியில் தாழ்ந்த பெஞ்ச் மிச்சம், எந்தப் பள்ளியில் உயர்ந்த பெஞ்ச் மிச்சம் என்று தெரிந்தால், என்ன கேட்டுப் பெற வேண்டும், யாரிடம் அனுமதி வாங்கி எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அன்றே முடிவுசெய்துவிடலாம்.

நீண்ட நேரம் உட்கார்ந்து கேட்டீர்கள். இப்போது எல்லோரும் எழுந்து, இரண்டு நிமிடம் கை காலை நீட்டிவிட்டுத் தேநீருக்குப் போகலாம்.